புதுக் கடை, புதுக் குறிப்பேடு: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு டெல்டா மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, கடை திறந்த முதல் சில வாரங்களின் கணக்கைப் பற்றியவை. பதில்களில் (ப) என்பது பற்று, அதாவது டெபிட். (வ) என்பது வரவு, அதாவது கிரெடிட்.

சுவாமிமலையில் செப்டம்பர் 1 அன்று சிறிய பித்தளைச் சாமான் கடை திறந்திருக்கிறேன். நாச்சியார்கோயில் பட்டறையிலிருந்து குத்துவிளக்கு எடுத்து விற்கிறேன். நோட்டில் ஒரு பக்கம் வந்த பணம், மறுபக்கம் போன பணம் என்று எழுதிவருகிறேன். ஆடிட்டர் "இது போதாது, குறிப்பேடு எழுதுங்கள்" என்கிறார். முதல் வாரத்து விவரம் இணைத்துள்ளேன். எப்படி எழுதுவது?
– ஒரு வாசகி, சுவாமிமலை

ஆடிட்டர் சொல்வது சரி. உங்கள் நோட்டில் பணம் வந்ததும் போனதும் மட்டும்தான் இருக்கிறது. பட்டறையில் கடனுக்கு எடுத்த 40,000 ரூபாய் விளக்கு அதில் எங்குமே இல்லை. கடை அட்வான்ஸ் 60,000 ரூபாயோ செலவுப் பக்கத்தில் நிற்கிறது. அது செலவே அல்ல. காலி செய்யும்போது திரும்பி வரவேண்டிய உங்கள் சொத்து. இந்த நோட்டை வைத்துப் பார்த்தால் முதல் வாரமே பெரும் நட்டம் என்று தோன்றும். உண்மை அப்படியில்லை.

குறிப்பேடு என்பது ஒவ்வொரு நடவடிக்கையையும் தேதிவாரியாக எழுதும் ஏடு. அதில் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் இரண்டு கணக்காவது உண்டு. எதைப் பற்று வைப்பது, எதை வரவு வைப்பது என்பதற்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த மூன்று விதிகளே போதும். ஆள் கணக்கானால் பெறுபவருக்குப் பற்று, தருபவருக்கு வரவு. சொத்துக் கணக்கானால் உள்ளே வருவது பற்று, வெளியே போவது வரவு. செலவும் நட்டமும் பற்று, வருமானமும் ஆதாயமும் வரவு. உங்கள் விவரத்தை அப்படியே எழுதினால்:

செப். 1
வங்கிக் கணக்கு (ப) 1,50,000
ரொக்கக் கணக்கு (ப) 50,000
முதல் கணக்கு (வ) 2,00,000
(உரிமையாளர் சொந்தப் பணம், அதாவது முதல், கொண்டுவந்து தொழில் தொடங்கியது)

செப். 1
கடை முன்பணக் கணக்கு (ப) 60,000
வங்கிக் கணக்கு (வ) 60,000
(கட்டட உரிமையாளருக்குக் காசோலை மூலம் அட்வான்ஸ்)

செப். 1
வாடகைக் கணக்கு (ப) 6,000
ரொக்கக் கணக்கு (வ) 6,000
(செப்டம்பர் மாத வாடகை)

செப். 2
எடை இயந்திரக் கணக்கு (ப) 11,800
வங்கிக் கணக்கு (வ) 11,800
(எலெக்ட்ரானிக் தராசு வாங்கியது)

செப். 3
கொள்முதல் கணக்கு (ப) 40,000
பட்டறைக்காரர் கணக்கு (வ) 40,000
(குத்துவிளக்கு கடனுக்கு வாங்கியது)

செப். 3
வண்டிக்கூலிக் கணக்கு (ப) 800
ரொக்கக் கணக்கு (வ) 800
(சரக்கு ஏற்றிவந்த கூலி)

செப். 5
ரொக்கக் கணக்கு (ப) 3,200
வங்கிக் கணக்கு (ப) 1,450
விற்பனைக் கணக்கு (வ) 4,650
(அன்றைய விற்பனை, 1,450 க்யூ.ஆர். வழியாக)

செப். 6
பட்டறைக்காரர் கணக்கு (ப) 25,000
வங்கிக் கணக்கு (வ) 24,500
பெற்ற தள்ளுபடிக் கணக்கு (வ) 500
(பாக்கியில் ஒரு பகுதி கொடுத்தது)

மூன்று இடங்களில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

தராசு பில்லில் 10,000 ரூபாய் விலை, 1,800 ரூபாய் ஜி.எஸ்.டி. என்று பிரித்திருக்கும். நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு பெறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே 11,800 முழுவதும் தராசின் அடக்கவிலை. பதிவு பெற்று, வழக்கமான முறையில் வரி கட்டுபவராக இருந்தால் தராசுக் கணக்கில் 10,000 மட்டும் பற்று வைத்து, மத்திய ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி 900, மாநில ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி 900 என்று தனித்தனியே பற்று வைக்க வேண்டும். பதிவு இல்லாதவர் அந்த 1,800-ஐத் தனியே எழுதி வைத்துத் திரும்ப வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பனை மட்டும் செய்யும் கடைக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை.

பட்டறைக்காரருக்கு 24,500 கொடுத்திருக்கிறீர்கள். அவர் 25,000 வரவானதாக ரசீது எழுதித் தந்திருக்கிறார். கொடுத்த பணத்தை மட்டும் எழுதினால் உங்கள் நோட்டில் பாக்கி 15,500, அவர் நோட்டில் 15,000. ஆறு மாதம் கழித்து வரும் வாய்ச்சண்டைக்கு விதை அங்கேதான் விழுகிறது. அந்தப் பணத்தை வங்கி வழியாகக் கொடுத்ததும் நல்லது. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தச் செலவு வருமான வரிக் கணக்கில் பொதுவாகக் கழிவாக ஏற்கப்படாது.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் விளக்கக் குறிப்பை விட்டுவிடாதீர்கள். பில் எண், காசோலை எண், யாருக்கு, எதற்கு என்று ஒரு வரி அதில் இருக்கட்டும். மார்ச் மாதம் ஆடிட்டர் முன்னால் உட்காரும்போது நினைவில் நிற்காதவை அவைதான்.

இனி இந்தப் பதிவுகளைப் பேரேட்டில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பக்கம் போட்டு ஏற்றுங்கள். எந்தப் பக்கத்தில் ஏற்றினீர்களோ அந்தப் பக்க எண்ணைக் குறிப்பேட்டில் அதற்கான கட்டத்தில் எழுதுங்கள். எண் இல்லாத வரி, இன்னும் ஏற்றாத வரி. ஏற்றி முடித்ததும் இருப்பு இப்படி நிற்க வேண்டும். பற்றில் வங்கி 55,150, ரொக்கம் 46,400, முன்பணம் 60,000, தராசு 11,800, வாடகை 6,000, கொள்முதல் 40,000, வண்டிக்கூலி 800. வரவில் முதல் 2,00,000, பட்டறைக்காரர் 15,000, பெற்ற தள்ளுபடி 500, விற்பனை 4,650. இரு பக்கமும் 2,20,150. கல்லாவில் எண்ணிப் பாருங்கள். 46,400 இருந்தால் ரொக்கக் கணக்கு சரி.

பேங்க் பாஸ்புக்கில் நான் போட்ட பணம் "வரவு" என்று அச்சாகிறது. நீங்கள் பற்று எழுதச் சொல்கிறீர்கள். எது சரி?
– ஒரு வாசகர், மயிலாடுதுறை

இரண்டுமே சரி. பாஸ்புக், வங்கி தன் கணக்கிலிருந்து எடுத்துத் தரும் நகல். வங்கிக்கு நீங்கள் பணம் தந்தவர். அதனால் அவர்கள் ஏட்டில் உங்களுக்கு வரவு. உங்கள் ஏட்டில் அந்தப் பணத்தைப் பெற்றது வங்கி. அதனால் வங்கிக்குப் பற்று. பாஸ்புக்கைப் பார்த்து அப்படியே நகல் எடுக்காதீர்கள். மாதக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்து, வங்கி பிடித்த கட்டணத்தையும் இன்னும் வசூலாகாத காசோலையையும் தேடிப்பிடிக்க மட்டும் பாஸ்புக் உதவும்.

இதே வாசகர் கல்லாப் பணத்தை வங்கியில் கட்டிய நாளில் அதை இன்னொரு விற்பனையாக எழுதியிருக்கிறார். விற்ற அன்றே விற்பனை எழுதியாயிற்று. வங்கியில் கட்டும்போது வங்கி (ப), ரொக்கம் (வ), அவ்வளவுதான். இல்லாவிட்டால் ஒரே விற்பனை இரண்டு முறை ஏறி, வராத லாபத்துக்கு வரி கட்ட நேரும்.

பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து வைத்தோம். வந்த பணத்தில் இரண்டரை லட்சம் போட்டு கொப்பரை வியாபாரம் தொடங்கியிருக்கிறேன். மொய் திருப்பிச் செய்ய வேண்டிய பணம்தானே? அதைக் கடன் என்று எழுதுவதா, முதல் என்று எழுதுவதா? மொய் போட்டவர்கள் ஒவ்வொருவர் பெயரிலும் கணக்குத் திறக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், பேராவூரணி

பெயர்வாரியாகத் திறக்க வேண்டாம். கடை வேறு, நீங்கள் வேறு என்பதுதான் கணக்கின் அடிப்படை. மொய் உங்களுக்கும் உங்கள் வீட்டுக்கும் செய்தது. திருப்பிச் செய்ய வேண்டிய பொறுப்பும் உங்களுடையது. கொப்பரைக் கடையினுடையது அல்ல. அந்தப் பணத்தை நீங்கள் கடைக்குள் கொண்டுவந்தபோது அது உங்கள் முதல். ரொக்கம் அல்லது வங்கி (ப) 2,50,000, முதல் (வ) 2,50,000. மொய் நோட்டு வீட்டில் தனியாக, பத்திரமாக இருக்கட்டும். வருமான வரிக் கணக்கு போடும்போது இந்த முதல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுந்தால் காட்ட அதுதான் சான்று; ஆடிட்டரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

அடுத்த வருஷங்களில் மற்றவர்கள் விருந்துக்கு நீங்கள் மொய் செய்யும்போதுதான் கணக்கு தடுமாறும். கடைக் கல்லாவிலிருந்து 10,000 எடுத்து மொய் செய்தால் எடுப்புக் கணக்கு (ப) 10,000, ரொக்கம் (வ) 10,000. எடுப்பு என்பது கடையிலிருந்து உங்கள் சொந்தத் தேவைக்கு எடுத்தது. அதைக் "கடைச் செலவு" என்றோ "விளம்பரம்" என்றோ எழுதக்கூடாது. வாடிக்கையாளர் வீட்டு விசேஷமாக இருந்தாலும், அது முன்பு உங்களுக்கு வந்த மொய்க்குப் பதில் என்றால் உங்கள் சொந்தக் கணக்குதான்.

இதில் நடைமுறைப் பயனும் உண்டு. ஆடி, ஆவணியில் அடுத்தடுத்து விருந்து வரும், கல்லா கரையும், தென்னந்தோப்புக்காரருக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. எடுப்புக் கணக்கு தனியாக இருந்தால், வியாபாரம் சரியாக ஓடுகிறது, பணம் மொய்யில் போயிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். கலந்து எழுதினால் நல்ல வியாபாரத்தையே நட்டம் என்று நினைத்து மூடிவிடுவீர்கள்.

தம்பியும் பணம் போட்டு இருவரும் கூட்டாக நடத்தினால் "முதல்" என்று ஒரே கணக்கு போதாது. ஆளுக்கொரு முதல் கணக்கு, ஆளுக்கொரு எடுப்புக் கணக்கு.

பி.எம்.இ.ஜி.பி. (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும்) திட்டத்தில் மரச்செக்கு வாங்கினேன். விலை மூன்று லட்சம். என் பங்கு 15,000 போக மீதியை வங்கி நேராக இயந்திரக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டது. என் கணக்குக்கு அந்தப் பணம் வரவே இல்லை. எதை எழுதுவது? மானியத்தை வருமானமாகக் காட்ட வேண்டுமா?
– ஒரு வாசகி, ஒரத்தநாடு அருகே

பணம் உங்கள் கணக்கைத் தொடவில்லை என்றாலும் இயந்திரம் உங்களுடையது, கடனும் உங்களுடையது. இந்த இரண்டையும் எழுதாமல் மாதத் தவணையை மட்டும் செலவாக எழுதிக்கொண்டு போகிறவர்கள் நிறைய. பதிவு இது:

இயந்திரக் கணக்கு (ப) 3,00,000
வங்கிக் கடன் கணக்கு (வ) 2,85,000
வங்கி நடப்புக் கணக்கு (வ) 15,000

லாரி வாடகை 4,000, காங்கிரீட் மேடை 9,000, த்ரீ பேஸ் ஒயரிங் 12,500 என்று எழுதியிருக்கிறீர்கள். இவற்றையும் இயந்திரக் கணக்கிலேயே பற்று வையுங்கள். இயந்திரம் ஓடும் நிலைக்கு வரும்வரை அதற்காகச் செய்த செலவெல்லாம் அதன் அடக்கவிலை, மொத்தம் 3,25,500. தேய்மானம், இதிலிருந்து கீழே சொல்லும் மானியத்தைக் கழித்த தொகையில் கணக்கிடப்படும். எள் மூட்டை ஏற்றிவந்த வாடகை அப்படியல்ல. அது அந்தந்த மாதச் செலவு. மின்வாரியத்துக்குக் கட்டிய வைப்புத்தொகை தனிச் சொத்து. அதை இரண்டிலும் சேர்க்காதீர்கள்.

தவணை 6,000 கட்டும்போது கடன் கணக்கின் ஸ்டேட்மென்டைப் பாருங்கள். அந்த மாத வட்டி 1,650 என்று இருந்தால்:

வங்கிக் கடன் கணக்கு (ப) 4,350
வட்டிக் கணக்கு (ப) 1,650
வங்கி நடப்புக் கணக்கு (வ) 6,000

செலவு 1,650 மட்டுமே. மீதி, கடன் குறைந்தது.

மானியத்தைப் பற்றி. கிராமப்புறத்தில் பெண் தொழில்முனைவோருக்கு இந்தத் திட்டத்தில் 35 சதவீதம், உங்களுக்கு 1,05,000. அது கையில் கிடைக்கும் பணம் அல்ல. கடன் கொடுத்த வங்கியிலேயே உங்கள் பெயரில் மூன்று ஆண்டு வைப்பாக நிற்கும். அதற்கு வட்டி கிடையாது, அதற்குச் சமமான கடன் பகுதிக்கும் வட்டி பிடிக்க மாட்டார்கள். தொழில் ஒழுங்காக நடந்தால் அதன்பின் கடனில் ஈடுகட்டுவார்கள். ஆகவே அதை விற்பனையிலோ வருமானத்திலோ சேர்க்காதீர்கள். சொத்து வாங்கத் தந்த மானியம் என்பதால் ஆடிட்டர் அதை இயந்திரத்தின் அடக்கவிலையிலிருந்து கழித்துக் காட்டுவார். உங்கள் வேலை, அனுமதிக் கடிதத்தையும் வைப்பு விவரத்தையும் கோப்பில் வைத்து, வட்டி சரியான தொகைக்குத்தான் பிடிக்கிறார்களா என்று மாதாமாதம் பார்ப்பது.

செக்கில் ஆட்டிய எண்ணெயை வீட்டுக்கு எடுத்தால் எடுப்பு (ப), கொள்முதல் (வ). விற்கும் விலைக்கு அல்ல, அடக்க விலைக்கு.

நீடாமங்கலத்தில் உரக்கடை. சம்பா நடவுக்குக் கடனில் உரம் கொடுத்தால் அறுவடை முடிந்துதான் பணம் வரும். பணம் வரும் நாளில் விற்பனை எழுதினால் போதாதா? சிலர் நெல்லாகவும் தருகிறார்கள்.
– ஒரு வாசகர், நீடாமங்கலம்

போதாது. மூட்டை கடையை விட்டுப் போன நாளே விற்பனை நாள். மானிய உரம் பி.ஓ.எஸ். (விற்பனைப் பதிவு) இயந்திரத்தில் ஆதார் வழியாகத்தானே போகிறது? அங்கே இருப்புக் குறைந்துவிடும். உங்கள் ஏட்டில் விற்பனை இல்லையென்றால் ஆய்வுக்கு வரும் அதிகாரி முதலில் கேட்பது அதைத்தான்.

ஒருவருக்கு டி.ஏ.பி. 4 மூட்டை, 1,350 வீதம் 5,400. யூரியா 45 கிலோ மூட்டை 6, 266.50 வீதம் 1,599. மொத்தம் 6,999 என்று வைத்துக்கொள்வோம். கொடுத்த அன்றே:

விவசாயி கணக்கு (ப) 6,999
விற்பனைக் கணக்கு (வ) 6,999

"பல பேர் பாக்கி" என்று ஒரே கணக்கு வேண்டாம். ஆளுக்கொரு பக்கம், பெயரோடு ஊர், அப்பா பெயர், செல் எண். ஒரே ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பது டெல்டாவில் சாதாரணம்.

தையில் அவர் 3,000 ரொக்கமும், குவிண்டால் 2,400 என்று பேசி 150 கிலோ நெல்லும் தருகிறார். நெல்லுக்கு 3,600. மீதி 399-ஐ நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள். நெல் உங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போனால்:

ரொக்கக் கணக்கு (ப) 3,000
எடுப்புக் கணக்கு (ப) 3,600
கொடுத்த தள்ளுபடிக் கணக்கு (ப) 399
விவசாயி கணக்கு (வ) 6,999

நெல்லைத் திரும்ப விற்கப் போகிறீர்கள் என்றால் எடுப்புக்குப் பதில் "நெல் கொள்முதல்" (ப). இரண்டில் எது என்று அன்றே முடிவு செய்து எழுதுங்கள். பாதி வீட்டுக்கு, பாதி வியாபாரிக்கு என்றால் தொகையையும் பிரியுங்கள். நீங்களாக விட்டது தள்ளுபடி. கேட்டுக் கேட்டு வராமல் போனது வாராக்கடன். இரண்டும் வேறு கணக்கு. வாராக்கடன் பெருகினால் அடுத்த பட்டத்துக்கு யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று அந்தப் பக்கமே சொல்லும்.

சம்பாக் கடன் பெரும்பாலும் மாசிக்குள் வந்துவிடும். தாளடி அப்படியல்ல; அறுவடை தள்ளிப்போனால் மார்ச் 31 அன்று பாக்கி நிற்கும். அந்தப் பாக்கியும் அந்த ஆண்டு விற்பனைதான். கடனாளிகள் பட்டியலில் சொத்தாகக் காட்ட வேண்டும்.

கடனுக்கு வட்டி சேர்த்து மூட்டை விலையை ஏற்றி எழுதாதீர்கள். நிர்ணயித்த அதிகபட்ச விலைக்கு மேல் உரம் விற்பது சட்டப்படி தவறு. உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

கார்த்திகை மழையில் கிடங்கில் தண்ணீர் ஏறி உரம் கரைந்துபோனால் எப்படி எழுதுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். வெள்ளச் சேத நட்டம் (ப), கொள்முதல் (வ), அடக்க விலைக்கு. காப்பீட்டு நிறுவனம் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டால் அந்தத் தொகைக்கு நிறுவனத்தின் பெயரில் பற்று, மீதிக்கு மட்டும் நட்டம். சேதமான மூட்டைகளை அப்புறப்படுத்தும் முன் படமெடுத்து, பி.ஓ.எஸ். இருப்பையும் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துச் சரிசெய்யுங்கள்.

பழைய பித்தளையை எடுத்துக்கொண்டு புது விளக்கு கொடுக்கிறோம். 4,000 ரூபாய் விளக்குக்குப் பழசு 1,200 கழித்து 2,800 வாங்கினேன். விற்பனை 2,800 தானே?
– ஒரு வாசகர், கும்பகோணம்

இல்லை, 4,000. பழைய பித்தளையை நீங்கள் 1,200-க்கு வாங்கியிருக்கிறீர்கள். ரொக்கம் (ப) 2,800, பழைய பித்தளைக் கொள்முதல் (ப) 1,200, விற்பனை (வ) 4,000. 2,800 என்று எழுதினால் பட்டறைக்குப் போட வைத்திருக்கும் பழைய பித்தளை கணக்கில் இல்லாத சரக்காகிவிடும். எடையையும் குறிப்பில் எழுதுங்கள்.

கணினியில் கணக்கெழுத டேலி மென்பொருள் போட்டுவிட்டேன். இனி இதெல்லாம் தெரிய வேண்டுமா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

வேண்டும். எந்த வவுச்சர் என்று சொல்ல வேண்டியது நீங்கள்தானே! கல்லாவிலிருந்து வங்கிக்கு எஃப் 4 விசை, பணம் கொடுத்தால் எஃப் 5, பெற்றால் எஃப் 6, ரொக்கமும் வங்கியும் சம்பந்தப்படாத பதிவுக்கு எஃப் 7, விற்பனை எஃப் 8, கொள்முதல் எஃப் 9. அட்வான்ஸைச் செலவுத் தலைப்பின்கீழ் திறந்துவிட்டால் டேலி தடுக்காது. இருபக்கமும் அழகாகச் சமமாகும், லாபம் மட்டும் தவறாக இருக்கும்.

க்யூ.ஆர். அட்டை உங்கள் சொந்த சேமிப்புக் கணக்கோடு இணைந்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அதில் விழும் ஒவ்வொரு விற்பனையும் எடுப்பு (ப), விற்பனை (வ) என்று ஏற வேண்டியிருக்கும். இந்த வாரமே கடை பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கி அட்டையை மாற்றுங்கள்.

தவறாக எழுதியதை வெள்ளை மை பூசித் திருத்தலாமா? வண்டிக்கூலி 850 கொடுத்து 580 என்று எழுதிவிட்டேன்.
– ஒரு வாசகி, திருவாரூர்

பூசாதீர்கள், அழித்த இடத்தை எந்த அதிகாரியும் நம்ப மாட்டார். கண்டுபிடித்த நாளில் திருத்தப் பதிவு போடுங்கள்: வண்டிக்கூலி (ப) 270, ரொக்கம் (வ) 270, "இன்ன தேதியில் குறைத்து எழுதியதைச் சரிசெய்தது" என்ற குறிப்போடு.

இருபக்கமும் 580 என்று எழுதியதால் இருப்பாய்வு (எல்லாக் கணக்கு இருப்பையும் பட்டியலிட்டு இரு பக்கமும் சமமா என்று பார்ப்பது) இதைக் காட்டிக்கொடுக்காது. கல்லாவில் 270 குறைவதுதான் ஒரே தடயம். ஆகவே ரொக்கத்தைத் தினமும் இரவு எண்ண வேண்டும். வாரம் ஒருமுறை எண்ணினால் எந்த நாளில் போனது என்று தேடி அலைவீர்கள். குறையும் தொகை ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியதா என்று முதலில் பாருங்கள், 270 அப்படித்தான். இருப்பாய்வில் வித்தியாசம் வந்தால் அதைப் பாதியாக்கி, அந்தத் தொகை எங்கேயாவது பக்கம் மாறி ஏறியிருக்கிறதா என்று தேடுங்கள்.